குடிநீரில் ஈயம்: ஆர்.ஓ., ஜக், கார்பன் பிளாக் – எதை வைப்பது?

பழைய வீடு, பழைய குழாய். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்ததில் ஈயம் இருப்பதாக முடிவு வந்தது. அதற்கப்புறம் ஆர்.ஓ., ஜக் ஃபில்டர், சிங்குக்கு அடியில் பொருத்தும் கார்பன் பிளாக் ஃபில்டர் (கரித்தூளை அழுத்திக் கட்டியாக்கிய வடிகட்டி), குழாயையே மாற்றுவது என்று நான்கையும் அலசிப் பார்த்து, கடைசியில் கார்பன் பிளாக்கை வைத்தேன். இன்று மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் அதையேதான் எடுப்பேன். வடிகட்டும் திறன் ஒரு காரணம்தான். முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதப் போகிறேன்.

முதலில் சில விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, மிஞ்சியதில் ஈயத்தின் அளவு கூடத்தான் செய்யும். கேன் தண்ணீர் அவசரத்துக்குச் சரி. குடிக்க, சமைக்க, குழந்தைக்குப் பால் பவுடர் கலக்க என்று எல்லாவற்றுக்கும் வருஷம் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டிருக்க முடியாது. காலையில் குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் ஓடவிடுவது நல்ல பழக்கம். ஆனால் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பது குழாயின் நீளத்தைப் பொறுத்தது, வீட்டுக்கு வீடு மாறும். வெந்நீர்க் குழாயில் பிடித்த தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். சூடான நீர் ஈயத்தை அதிகமாகக் கரைக்கும்.

எந்த ஃபில்டர் என்று பார்ப்பதற்கு முன்னால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கிளம்பும்போது தண்ணீரில் பெரும்பாலும் ஈயம் இருக்காது. தெரு மெயினிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்புக் குழாய், செப்புக் குழாய்களைப் பற்றவைத்த இடங்கள், பித்தளைக் குழாய்கள், வால்வுகள் – வழியில் இருக்கும் இவற்றிலிருந்துதான் கலக்கிறது. அமெரிக்காவில் 1986இல் ஈயக் குழாய்க்கும் ஈயப் பற்றவைப்புக்கும் தடை வந்தது. அதன் பிறகும் பித்தளைச் சாமான்களில் 8 சதவீதம் வரை ஈயம் இருந்தாலும் ‘ஈயமற்றது’ என்று விற்கலாம் என்ற நிலை நீடித்தது. 2014இல்தான் அந்த வரம்பு 0.25 சதவீதமாக இறங்கியது. வீடு அவ்வளவு பழையது இல்லையே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

இணைப்புக் குழாயை நாமே பார்க்கலாம். மீட்டருக்குப் பக்கத்தில் குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு காசாலோ சாவியாலோ மெல்லச் சுரண்டுங்கள். மேலே மங்கிய சாம்பல் நிறம், சுரண்டிய கோடு மட்டும் வெள்ளி மாதிரி பளபளக்கிறது, உலோகம் மெத்தென்று கொடுக்கிறது, காந்தம் ஒட்டவில்லை என்றால் அது ஈயம். செம்பாக இருந்தால் சுரண்டிய இடம் செம்மஞ்சளாகத் தெரியும். ஜி.ஐ. பைப்பில் காந்தம் ஒட்டும். சுரண்டிய பிறகு கையைக் கழுவிவிடுங்கள். அப்படியே சமையலறைக் குழாயின் நுனியில் இருக்கும் சிறு வலையையும் திருகிக் கழற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டு வலையில் மணல் மாதிரி சாம்பல் துகள்கள் ஒட்டியிருந்தன. குழாயிலிருந்தும் பற்றவைப்பிலிருந்தும் உதிர்ந்த துகள் இப்படித் தங்கும். ஒரே ஒரு துகள் உடைந்து டம்ளரில் விழுந்தாலும் அந்த டம்ளரில் ஈயம் எகிறிவிடும்.

ஊர் நிர்வாகம் வெளியிடும் தண்ணீர் அறிக்கையை மட்டும் நம்பினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். பத்தாயிரத்திலிருந்து ஒரு லட்சம் பேர் வரை உள்ள ஊர் என்றால், அமெரிக்க விதிப்படி வழக்கமான ஈயச் சோதனைக்கு 60 வீடுகளில் மாதிரி எடுப்பார்கள். முடிவுகளை வரிசைப்படுத்தி, பத்தில் ஒன்பது வீடுகள் வரம்புக்குள் இருந்தால் ஊர் தேறிவிடும். மீதி ஒரு பங்கில் உங்கள் வீடு இருக்கிறதா என்று அந்த அறிக்கை சொல்லாது. ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் அளவு வேறாக இருக்கும். உங்கள் குழாய்த் தண்ணீரைத் தனியாகக் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. ஆறு மணி நேரமாவது யாரும் குழாயைத் திறக்காமல் இருந்து, முதல் லிட்டரையும் ஐந்தாவது லிட்டரையும் தனித்தனியாகப் பிடியுங்கள். முதல் லிட்டர் சமையலறைக் குழாயின் நிலையைக் காட்டும், ஐந்தாவது தெருவிலிருந்து வரும் இணைப்புக் குழாயின் நிலையைக் காட்டும்.

சரி, இனி ஒப்பீடு.

ஈயத்தை எடுப்பதில் நல்ல ஆர்.ஓ.வும் நல்ல கார்பன் பிளாக்கும் இரண்டுமே தேறும். பார்க்க வேண்டியது சான்று, அதாவது என்.எஸ்.எஃப். என்ற அமெரிக்கத் தர அமைப்பின் தரநிலை எண். கார்பன் ஃபில்டர் என்றால் என்.எஸ்.எஃப். 53, ஆர்.ஓ. என்றால் என்.எஸ்.எஃப். 58. இரண்டிலும் பட்டியலில் ‘ஈயம்’ என்று தனியாகப் போட்டிருக்க வேண்டும். 53 என்பது பல மாசுகளுக்கான தரநிலை. வேறு எதற்கோ அந்தச் சான்று வாங்கியிருந்தாலும் பெட்டியில் 53 என்றுதான் இருக்கும். 42 என்று மட்டும் இருந்தால் அது குளோரின் வாடைக்கும் சுவைக்குமானது, ஈயத்துக்குச் சம்பந்தமில்லை. ஈயத்துக்கான சோதனையில் லிட்டருக்கு 150 மைக்ரோகிராம் கலந்த தண்ணீரை ஃபில்டரில் விடுகிறார்கள். வெளியே வருவது 5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவே 10தான். கார்பனைப் பொறுத்தவரை கரைந்த ஈயத்தோடு, துகளாக வரும் ஈயத்தையும் வைத்துச் சோதிக்கிறார்கள். குழாய் வலையில் அந்தத் துகள்களைப் பார்த்த எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது.

ஆர்.ஓ. ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. தண்ணீரில் நைட்ரேட், ஃப்ளோரைடு, உப்பு என்று வேறு பிரச்சினையும் சேர்ந்திருந்தால் ஆர்.ஓ.தான் சரி. சாதாரண கார்பன் அவற்றைப் பிடிக்காது. சோதனை முடிவில் இவை இருந்தால் நான் சொல்வதைக் கேட்காமல் ஆர்.ஓ. வைத்துவிடுங்கள். என் வீட்டு முடிவில் ஈயத்தைத் தவிர வேறு குறை இல்லை. ஈயத்துக்காக மட்டும் ஆர்.ஓ. வைத்தால், ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஐந்து லிட்டரோ அதற்கு மேலோ கழிவாகச் சாக்கடைக்குப் போகும். புதிய மாடல்களில் இது பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது, ஆனாலும் கழிவு கழிவுதான். இன்னொன்று, ஆர்.ஓ. தண்ணீரில் தாது உப்பு குறைவு என்பதால் அது உலோகத்தைச் சற்று அதிகமாக அரிக்கும். அந்த நீர் பழைய பித்தளைக் குழாய் வழியாக வந்தால், வடிகட்டிய பிறகு மறுபடி ஈயம் சேர இடமிருக்கிறது. ஆர்.ஓ.வோடு வரும் தனிக் குழாயையே பயன்படுத்த வேண்டும்.

இப்போது பராமரிப்புக்கு வருகிறேன். ஈயத்துக்கு நிறமில்லை, வாடையில்லை, சுவையில்லை. ஃபில்டர் தீர்ந்துபோனால் கண்ணுக்கோ நாக்குக்கோ எதுவும் தெரியாது. குளோரின் வாடை திரும்பி வந்தால் கார்பன் களைத்துவிட்டது என்று ஊகிக்கலாம், ஆனால் வாடை வரவில்லை என்பதால் ஈயம் நிற்கிறது என்று சொல்ல முடியாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பார்க்கலாமே என்று நினைப்பவர்களுக்கு: அந்த மீட்டரின் ஒரு எண் என்பது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், அதாவது 1000 மைக்ரோகிராம். நாம் கவலைப்படுவதோ 5, 10, 15 மைக்ரோகிராம் பற்றி. மீட்டரில் அது அசையக்கூட அசையாது. ஆர்.ஓ. சவ்வு பழுதானால் டி.டி.எஸ். ஏறும், அந்த அளவுக்கு மீட்டர் ஆர்.ஓ. வைத்திருப்பவருக்குத் துணை. கார்பனுக்கு அதுவும் இல்லை. நாள் கணக்கு ஒன்றுதான் துணை.

அதனால் நான் கேட்டுக்கொண்ட கேள்வி: இந்த வீட்டில் எந்தச் சாதனத்தை, எல்லோரும் அலுத்துப்போன மூன்றாவது வருஷத்திலும், தேதி தவறாமல் மாற்றுவோம்?

ஆர்.ஓ.வில் முன் ஃபில்டர்கள், சவ்வு, பின் கார்பன் என்று மூன்று நான்கு உறுப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு. முன் ஃபில்டருக்கு ஆறு மாதம் அல்லது ஒரு வருஷம், சவ்வுக்கு இரண்டு மூன்று வருஷம். சேமிப்புத் தொட்டியையும் அவ்வப்போது கழுவிக் கிருமி நீக்க வேண்டும். அக்கா வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறது. அங்கே எப்போது எதை மாற்றினார்கள் என்பது சர்வீஸுக்கு வருபவருக்குத்தான் தெரியும். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று சொல்லவில்லை, நான் கிட்டேயிருந்து பார்த்தது அந்த ஒன்றுதான்.

ஜக் ஃபில்டரில் பிரச்சினை வேறு மாதிரி. நல்ல சான்றுள்ள ஜக்கும் இருக்கிறது, வாடகை வீட்டில் இருப்பவருக்கும் தனியாக இருப்பவருக்கும் நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் பல ஜக் காட்ரிட்ஜ்களின் கொள்ளளவு சுமார் 150 லிட்டர்தான். பெட்டியில் ‘இரண்டு மாதம்’ என்று போட்டிருப்பது ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் என்ற கணக்கில். நான்கு பேர் குடிக்க, சமைக்க நாளுக்குப் பத்து லிட்டர் என்று வைத்தால் பதினைந்தே நாளில் தீர்ந்துவிடும். பெட்டியை நம்பி இரண்டு மாதம் ஓட்டும் குடும்பம், அதில் ஒன்றரை மாதத்தைக் காலாவதியான காட்ரிட்ஜில் ஓட்டுகிறது. ஜக் நிரம்பக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் நேரே குழாயில் பிடித்துக்கொள்வது இன்னொரு பக்கம்.

சிங்குக்கு அடியில் வைக்கும் கார்பன் பிளாக்கில் ஒரே காட்ரிட்ஜ், ஒரே தேதி. 2000 லிட்டர் கொள்ளளவு என்றால் அதே பத்து லிட்டர் கணக்கில் 200 நாள் வரும். ஆறு மாதத்தில் மாற்றினால் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். கரண்ட் வேண்டாம், கழிவு நீர் இல்லை. மாற்ற பிளம்பர் தேவையில்லை: வால்வை மூடு, பழையதைத் திருகிக் கழற்று, புதியதை மாட்டு, பெட்டியில் சொன்ன அளவுக்கு முதல் தண்ணீரைக் கீழே விடு. மாட்டிய தேதியைத் தடித்த மார்க்கரால் காட்ரிட்ஜின் மேலேயே எழுதுகிறோம். மாட்டும் அன்றே அடுத்ததையும் வாங்கி அதே அலமாரியில் வைத்துவிடுகிறோம், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட இடமே இருக்காது.

குறை உண்டு. சமையலறையில் ஒரு குழாய்க்கு மட்டும்தான் இந்தப் பாதுகாப்பு. பல் தேய்க்கும்போது பாத்ரூம் குழாயில் வாய் வைத்துக் குடிக்கும் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதில் கறாராகவே இருக்க வேண்டும். பெரும்பாலும் பால் பவுடர் கலந்து குடிக்கும் குழந்தைக்கு, உடலில் சேரும் ஈயத்தில் 40 முதல் 60 சதவீதம் வரை தண்ணீரிலிருந்தே வரக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சொல்கிறது. பழைய பெயின்ட் உதிரும் வீடாக இருந்தால் ஜன்னல் விளிம்பையும் தரையையும் ஈரத்துணியால் துடையுங்கள். எந்தத் தண்ணீர் ஃபில்டரும் அந்தத் தூசியைத் தடுக்காது.

குழாயையே மாற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு, அதில் சந்தேகமில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மேடிசன் நகரம் 2001இல் தொடங்கி சுமார் பத்தாண்டில் தன் ஈய இணைப்புகளை மாற்றியது. பத்தாயிரம் பேர்கூட இல்லாத, மிச்சிகன் மாநிலத்தின் பென்டன் ஹார்பர் 2021 இறுதியில் தொடங்கி ஏறத்தாழ இரண்டே ஆண்டில் முடித்தது. சின்ன ஊருக்கு முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம், நம் ஊர்க் கூட்டங்களில் இதைக் கேட்டு வாங்க வேண்டும். அதே மிச்சிகனில் உள்ள ஃப்ளின்ட் நகரத்தில் 2014இல் நீர் ஆதாரத்தை மாற்றியபோது அரிப்பைத் தடுக்கும் ரசாயனத்தைச் சேர்க்காமல் விட்டார்கள். குழாயின் உட்புறத்தில் படிந்திருந்த காப்புப் படலம் கரைந்து ஈயம் தண்ணீரில் இறங்கியது. ஈயக் குழாய் மண்ணுக்குள் இருக்கும்வரை இந்த ஆபத்து இருக்கும்.

எங்கள் தெருவில் இன்னும் தோண்டவில்லை, அதனால் அந்த வேலை எப்படிப் போகும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் பிடிவாதமாகக் கேளுங்கள்: தெருப் பக்கம் பாதியை மாற்றிவிட்டு வீட்டுப் பக்கம் பாதியை விடக்கூடாது. வெட்டும்போது பழைய குழாய் ஆட்டம் காண்பதாலும், செம்பும் ஈயமும் சேரும் இடத்தில் அரிப்பு கூடுவதாலும், கொஞ்ச காலத்துக்கு ஈயம் முன்னைவிட ஏறக்கூடும். முழுக்க மாற்றினாலும் உள்ளே உதிர்ந்த துகள்கள் சில மாதம் வந்துகொண்டிருக்கும், ஆறு மாதம் ஃபில்டரைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். எங்கள் முறை வரும்போது குழாய் மாற்றிய அன்றே எல்லாக் குழாய் வலைகளையும் கழற்றிக் கழுவி, புதுக் காட்ரிட்ஜ் மாட்டப் போகிறேன். ஆறு மாதம் கழித்து முதல் லிட்டர், ஐந்தாவது லிட்டர் இரண்டையும் மறுபடி சோதனைக்குக் கொடுத்து, அந்த எண்களைப் பார்த்துவிட்டுத்தான் ஃபில்டரைக் கழற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்வேன்.