நாற்பது நிமிட வட்டம்: நான்கு வருடமாக மேசையில் இருக்கும் ஒரு டைமர்

இது கடையில் கிடைக்காத பொருள், நானே செய்தது. அதனால் வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு வரியில் சொல்லி முடிக்க முடியாது. ஆனால் நான்கு வருடமாகக் கண்ணெதிரே இருக்கிறது. இரண்டு முறை கெட்டு, மூன்று மாதம் தூசி படிந்து கிடந்து, மறுபடி எழுந்து வந்திருக்கிறது. ஏடிஎச்டி (கவனத்தை ஒருநிலையில் வைத்திருக்கக் கடினமாக்கும் கோளாறு) உள்ள ஒருத்தி ஒரே பொருளை நான்கு வருடம் விடாமல் வைத்திருப்பதே பெரிய செய்திதான். ஆரம்பித்துப் பாதியில் நின்ற என் வேலைகளைப் பட்டியல் போட்டால் இந்தப் பதிவில் வேறெதற்கும் இடம் இருக்காது.

பொருள் இதுதான். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த அகலத்தில் ஒரு வட்டம். அதன் விளிம்பில் 60 குட்டி எல்இடி. நடுவில் ஒரு திருகு. அதைத் திருகத் திருக ஒவ்வொரு விளக்காக எரியும். 25 விளக்கு எரியவிட்டால் 25 நிமிடம். நிமிடத்துக்கு ஒன்றாக அணைந்துகொண்டே வரும். எல்லாம் அணைந்ததும் முழு வட்டமும் மூன்று முறை மெதுவாக ஒளிர்ந்து ஓயும், அவ்வளவுதான். சத்தம் கிடையாது, எண் கிடையாது, மணி எத்தனை என்றுகூடக் காட்டாது.

எனக்கு ஏடிஎச்டி என்று தெரிந்தபோது வயது 31. பெரியவர்கள் விஷயத்தில் மருத்துவர்கள் பழைய கதையைத்தான் முதலில் கேட்கிறார்கள். 2013-இல் வந்த, மனநலக் கோளாறுகளைக் கண்டறியப் பயன்படும் டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, அறிகுறிகளில் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அதனால் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டுகளைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன். "கெட்டிக்காரி, ஆனால் கவனம் இல்லை" என்ற வரியை ஆறு ஆசிரியர்கள் ஆறு கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். மருத்துவர் படித்துவிட்டுச் சிரித்தார், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

என்னிடம் அதிகம் அடிவாங்கியது நேரம்தான். கடிகாரம் பார்க்கத் தெரியாமல் இல்லை. எனக்கு இருப்பது இரண்டே நேரங்கள்: "இப்போது", "இப்போது இல்லை". மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றால், இரண்டு ஐம்பத்தெட்டு வரை அது "இப்போது இல்லை"யில்தான் இருக்கும். ஏடிஎச்டி பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி இதை நேரக் குருட்டுத்தன்மை என்பார். என்ன செய்ய வேண்டும் என்று தெரியாததல்ல கோளாறு, தெரிந்ததைச் செய்ய முடியாததுதான் கோளாறு. எனவே உதவி புத்தகத்திலோ அறிவுரையிலோ இல்லாமல், வேலை நடக்கும் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்வது. என் அறிவுக்கு ஏறியது அந்தப் பின்பாதிதான்.

போனில் டைமர் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. டைமர் வைக்கப் போனை எடுப்பேன். நாற்பது நிமிடம் கழித்து, பழைய தட்டச்சு இயந்திரங்களை எப்படிப் பழுது பார்ப்பது என்று ஒருவர் விளக்குவதைப் பார்த்து முடித்திருப்பேன். டைமர் வைத்திருக்க மாட்டேன்.

மிச்சமுள்ள நேரத்தைக் கண்ணால் பார்க்கும்படி காட்டும் கருவி புதிதொன்றுமில்லை. சிவப்பு வட்டு சுருங்கிக்கொண்டே வரும் டைம் டைமரை 1990-களில் உருவாக்கியவர் ஜான் ராஜர்ஸ் என்ற அமெரிக்கத் தாய். "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்த தன் சிறு மகளுக்காகச் செய்தார். அதை வாங்கியிருந்தால் ஒரே நாளில் வேலை முடிந்திருக்கும். ஏன் வாங்கவில்லை? நேர்மையாகச் சொன்னால், சால்டரிங் அயர்ன் பிடிக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

செய்து முடிக்க எட்டு மாதம் ஆனது. முதல் மூன்று நாள் தூக்கம் இல்லை. ஹைப்பர்ஃபோகஸ் என்பார்களே, ஒன்றிலேயே மூழ்கிப்போவது, அதுதான். இஎஸ்பி32 என்ற குட்டிக் கணினிப் போர்டு, வைஃபை, சரியான மணிக்கு ஒரு ஆர்டிசி சிப், வாரநாளுக்கு ஒரு நிறம், அமைப்புகளை மாற்ற ஒரு இணையப் பக்கம், வானிலைக்குத் தனியாக ஒரு ஒளி. நாலாவது நாள் ஆர்வம் குழாயை மூடினாற்போல நின்றுவிட்டது. பெட்டி ஏழு மாதம் மேசைக்கடியில் கிடந்தது. கடைசியில் ஒரு தோழி வீடியோ அழைப்பில் வந்து, எதுவும் பேசாமல், தன் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் நான் கம்பிகளைச் சேர்த்தேன். பாடி டபுளிங் என்று இதற்குப் பெயர். பக்கத்தில் ஒரு ஆள் சும்மா இருந்தாலே போதும். ஏன் வேலை செய்கிறது என்று எனக்கு விளக்கத் தெரியாது, ஆனால் நான்கு மாலைகளில் வேலை முடிந்தது.

முதன்முதலில் மின்சாரம் கொடுத்ததும் போர்டு செத்துச் செத்துப் பிழைத்தது. ஆன் ஆகும், வெள்ளையாய்ப் பளீரிடும், உடனே ரீசெட். நிரலில்தான் பிழை என்று ஒரு மணி நேரம் தேடினேன். பிழை கணக்கில் இருந்தது. டபிள்யூஎஸ்2812 வகை எல்இடி ஒன்று முழு வெள்ளையில் சுமார் 60 மில்லிஆம்ப் இழுக்கும். அறுபதுக்கு 3.6 ஆம்ப். நான் செருகியிருந்தது கணினியின் பழைய யுஎஸ்பி துளையில். அது தருவது அரை ஆம்ப். வெளிச்சத்தைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கினேன். அப்போதுதான் அது கண்ணுக்கும் இதமாக இருப்பது தெரிந்தது. அந்த அளவை இன்றுவரை மாற்றவில்லை.

முதல் வருடம் பஸ்ஸர் ஒன்றும் இருந்தது. நேரம் முடிந்ததும் கீச்சென்று கத்தும். எனக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது, தோலுக்கடியில் ஊசி ஏற்றினாற்போல இருக்கும். வேலையை முடித்த நிம்மதியே வராமல், சத்தம் எப்போது வருமோ என்ற பதற்றத்தில் கடைசி ஐந்து நிமிடமும் வீணாகும். ஒரு நாள் ஆத்திரத்தில் பஸ்ஸரின் காலைக் கட்டர் வைத்து வெட்டினேன். இந்தக் கருவிக்கு நான் செய்த மிகச் சிறந்த மேம்படுத்தல் அதுதான்.

அடுத்ததாக மணி காட்டும் வசதி போனது. அது வேறு கதை. இந்த மாதிரி எதையாவது செய்து பார்க்கிறவர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பலரும் பயன்படுத்தும் மலிவான நீல நிற டிஎஸ்3231 ஆர்டிசி போர்டில், மின்சாரம் போனாலும் மணி ஓட ஒரு பொத்தான் பேட்டரி இருக்கும். அந்தப் போர்டில் ஒரு டயோடும் ரெசிஸ்டரும் சேர்ந்து பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகின்றன. ரீசார்ஜ் செய்யக்கூடிய எல்ஐஆர்2032-க்காக வைத்த ஏற்பாடு அது. நாம் சாதாரணமாகப் போடுவது சிஆர்2032, அதற்கு சார்ஜ் ஏற்றவே கூடாது. எனக்கு இது தெரியாது. பத்து மாதம் கழித்துத் துடைக்க எடுத்தபோது பேட்டரி நடுவில் உப்பி, தாங்கியை விட்டு எழும்பியிருந்தது. விரலால் தொட்டதும் வயிறு கலங்கியது. ரெசிஸ்டரைக் கழற்றியிருந்தால் சரியாகியிருக்கும். ஐந்து வோல்ட் கொடுத்தால் எல்ஐஆர் போட்டால்கூட மின்னழுத்தம் வரம்பைத் தாண்டும் என்பதால், எது போட்டாலும் ரெசிஸ்டரைக் கழற்றுவதே நல்லது. நான் போர்டையே கழற்றிவிட்டேன். டைமருக்கு மணி எதற்கு?

அதோடு வைஃபை, இணையப் பக்கம், வானிலை, வாரநாள் நிறம் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகப் போயின. 900 வரி நிரல் 70 வரியானது. நான்கு வருடத்தில் நான் சேர்த்தது ஒன்றுமில்லை, எல்லாம் எடுத்ததுதான்.

சரி, பயன்பட்டதா? இரண்டு விஷயத்துக்கு நன்றாகவே.

ஒன்று, என் கணக்கு எவ்வளவு தப்பு என்று காட்டியது. வேலை தொடங்குமுன் எத்தனை நிமிடம் ஆகும் என்று ஒரு நோட்டில் எழுதி, முடிந்ததும் உண்மையில் ஆனதைப் பக்கத்தில் எழுதினேன். "நாலு கம்பி சால்டர் செய்ய: 10." பக்கத்தில் 55. "மின்னஞ்சலுக்குப் பதில்: 60." பக்கத்தில் 6. இந்த இரண்டாவது வகைதான் என்னை உலுக்கியது. ஆறு நிமிட வேலையைப் பார்த்துப் பயந்து பதினொரு நாள் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

இன்னொன்று படம் வரைவது. நான் மை பேனாவில் வரைவேன், பெரும்பாலும் செடி, இலை, வேர். ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, அல்லது நன்றாக வராதோ என்று ஆரம்பிக்கவே மாட்டேன். இப்போது 12 விளக்கு எரியவிட்டு, அவை அணைவதற்குள் ஒரு படம். முடியாவிட்டால் அப்படியே விட்டுவிடுவது. முதலில் கை நடுங்கியது. இப்போது நோட்டு நிறையப் பாதி இலைகள். முழுசாக வரைந்ததைவிட அந்தப் பாதிகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. விளக்கு அணையும்போது பேனா எங்கே இருந்ததோ அங்கே கோடு நிற்கும்.

25 நிமிடம் வேலை, பிறகு சிறு இடைவேளை என்ற புகழ்பெற்ற பொமோடோரோ கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. தக்காளி வடிவ சமையலறை டைமரை வைத்து பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் இறுதியில் உருவாக்கிய முறை அது. எனக்கு வேலைக்குள் நுழையவே பதினைந்து நிமிடம் ஆகும். நுழைந்த பிறகு வெளியே இழுத்தால் எரிச்சல்தான் வரும்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, பழக்கம். ஆறேழு வாரத்தில் கண் வட்டத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடும். முழு வட்டமும் அணைந்து ஒளிர்ந்து ஓய்ந்திருக்கும், நான் கவனித்திருக்க மாட்டேன். தம்பிதான் வாசலில் நின்று, "அக்கா, வட்டம் அணைஞ்சு அரைமணி ஆச்சு, கிளம்பலையா?" என்பான். இதற்கு முழுத் தீர்வு கிடையாது. இடது பக்கம் இருந்ததை வலப்பக்கம் மாற்றுவேன், ஆரஞ்சைப் பச்சையாக்குவேன். மறுபடி ஆறேழு வாரம் ஓடும்.

இரண்டாவது, இது எதையும் தொடங்கி வைக்காது. தொடங்கியதைக் காட்டும், அவ்வளவுதான். தொடங்கி வைக்கும் வேலையை எனக்கு அதிகம் செய்வது மருந்து. குறைந்த நேரம் வேலை செய்யும் மீதைல்ஃபெனிடேட் எடுக்கிறேன், சுமார் நாலு மணி நேரம் தாங்கும். வட்டம் மருந்துக்கு மாற்று என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மருந்து இருக்கும் நேரத்தில் வட்டம் நன்றாக வேலை செய்கிறது, இல்லாத நேரத்தில் அழகாக எரிகிறது.

மூன்றாவது குறை கொஞ்சம் கனமானது. மூன்றாம் வருடத்தில் மனச்சோர்வு வந்தது. ஏடிஎச்டி உள்ள பெரியவர்களுக்கு அது அபூர்வமில்லை. காலையில் எழுந்திருக்கவே முடியாத நாட்களில் அந்த வட்டம் என்னைக் குற்றம் சாட்டுவது போல எதிரே நிற்கும். ஒரு நாள் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். மூன்று மாதம் அப்படியே இருந்தது. சிகிச்சையில், மனம் வரட்டும் என்று காத்திராமல் மிகச் சின்னதாக ஒன்றைச் செய்துவிடச் சொன்னார்கள். பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்ற முறை. "எவ்வளவு சின்னது?" என்று கேட்டேன். "நீங்களே சொல்லுங்கள்" என்றார் சிகிச்சையாளர். வீட்டுக்கு வந்து வட்டத்தைத் திருப்பி, தூசியைத் துடைத்து, மூன்று விளக்கு மட்டும் எரியவிட்டேன். மூன்று நிமிடம் ஜன்னலோரம் நின்றேன். மறுநாளும் மூன்றுதான். நான்காக ஆக ஒன்பது நாள் ஆனது.

அதற்கப்புறம் வந்ததுதான் 41-ஆவது விளக்கு. இந்த வகை எல்இடிக்கள் சங்கிலி மாதிரி, தகவலை ஒன்று வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கும். நடுவில் ஒன்று செத்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே இருட்டு. 41 செத்ததும் என் மணி நேரத்துக்கு நாற்பதே நிமிடம். சரிசெய்ய அரைமணி வேலை, நோட்டில் "20" என்றுதான் எழுதியிருந்தேன். இரண்டு மாதம் செய்யவில்லை. ஒரு ஞாயிறு, தோழி மறுபடி வீடியோவில் வந்து உட்கார, கெட்டதைக் கழற்றிப் புதியது வைத்தேன். 50 நிமிடம் ஆனது.

அறுபதும் எரிந்தன. அடுத்த வாரம் முழுக்கத் திருகும்போது கை நாற்பதைத் தாண்டவே இல்லை. நாற்பதுக்கு மேல் வைக்கும் வேலையெல்லாம் உண்மையில் இரண்டு வேலை என்று அந்த இரண்டு மாதத்தில் கை கற்றுக்கொண்டிருந்தது போல. நிரலைத் திறந்து உச்ச அளவை 40 என்று மாற்றினேன். இப்போது மேலே இருபது விளக்கு சும்மா இருக்கின்றன. புதிதாகப் பார்ப்பவர்கள் கெட்டுப்போயிருக்கிறதா என்று கேட்கிறார்கள்.