வளர்ச்சி ஹார்மோன் ஸ்ப்ரேன்னு 2,880 வெள்ளி வாங்கிட்டாங்க – சொரியாசிஸ் இருக்கறவங்க உஷார்!

"பேக்கேஜுக்கு ரீஃபண்ட் கிடையாது அக்கா, வேணும்னா ஃபேஷியலா மாத்திக்கோங்க." நேத்து சாயந்திரம் கடையிலேருந்து வந்த பதில் இது. முழங்கையில ரத்தம் கசியற எங்கம்மாவுக்கு ஃபேஷியலாம்! கோபம் ஆறறதுக்குள்ள எழுதிடறேன். போனது 2,880 சிங்கப்பூர் வெள்ளி. எதையெதைப் பார்த்து வாங்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன், முதல்ல நடந்ததைக் கேளுங்க.

கடைப் பேரு போட மாட்டேன், வக்கீல் நோட்டீஸ் வாங்கற தெம்பு இப்ப இல்லை. பாதி அழகு நிலையம், பாதி சத்து மருந்துக் கடை, அந்த ரகம். தேக்கா மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போன இடத்துல யாரோ நோட்டீஸ் குடுத்திருக்காங்க: "வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சை, சொரியாசிஸ், எக்ஸிமா, வெண்புள்ளி எல்லாத்துக்கும்." எங்கம்மாவுக்குப் பல வருஷமா சொரியாசிஸ். சர்க்கரையும் உண்டு. இந்த ஊர் வெக்கையிலயும் கை மறைக்கற ரவிக்கைதான் போடுவாங்க. எம்ஆர்டி ரயில்ல பக்கத்துல உக்காந்தவங்க எழுந்து போறதை நானே பார்த்திருக்கேன்.

அந்தக் கடைப் பொண்ணு என்ன பண்ணுச்சு தெரியுமா? கையுறை கூட போடலை. அம்மா ரவிக்கைக் கையை மேலே தள்ளி, செதில் செதிலா உதிர்ற முழங்கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, "இவ்வளவு நாளா எப்படிம்மா தாங்கறீங்க?"ன்னு தமிழ்ல கேட்டுச்சு. விரல்ல ஒட்டின செதிலைக் கூடத் துடைக்கலை. அம்மாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அதுக்கப்புறம் விலை என்னன்னு அம்மா கேக்கவே இல்லை, கேட்டது நான்தான். நாக்குக்கு அடியில அடிக்கற ஸ்ப்ரே, கூடவே தடவற சீரம், மொத்தம் 2,880 வெள்ளி. பேநவ்ல, அதாவது போன் வழியா, உடனே பணம் போட்டா ஒரு பாட்டில் இலவசம்.

நம்ப வெச்சது இன்னொண்ணும் உண்டு. லேமினேட் பண்ணின ஒரு தாள். "1990 அமெரிக்க ஆராய்ச்சி: வளர்ச்சி ஹார்மோனால் தோல் தடிமன் 7.1% கூடியது." பொய்யின்னு நினைக்காதீங்க, அந்த ஆராய்ச்சி நிஜம். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ங்கற மருத்துவ இதழ்ல வந்தது. ஆனா அது 60 வயசு தாண்டின 12 ஆரோக்கியமான ஆம்பளைங்களுக்கு ஆறு மாசம் ஊசி போட்டுப் பார்த்தது. தோல் நோயே அதுல கிடையாது, ஸ்ப்ரேயும் கிடையாது. இதைக் காட்டி வியாபாரம் பண்றாங்கன்னு 2003-ல அந்த இதழே கண்டிச்சு எழுதியிருக்கு. இவங்க இன்னும் லேமினேட் பண்ணி வெச்சிருக்காங்க!

வேடிக்கை என்னன்னா, சொரியாசிஸ்ங்கறதே தோல் செல்லுங்க கன்னாபின்னான்னு வேகமா வளர்ற வியாதி. சாதாரணமா ஒரு மாசம் போல எடுத்துக்கிட்டு மேலே வர்ற செல், இதுல சில நாள்லயே மேலே வந்து குவிஞ்சு செதிலா உதிருது. அதுக்குப் போய் வளர்ச்சி ஹார்மோனா? எரியற வீட்டுல எண்ணெய் ஊத்தற கதை.

"கிளினிக் கிரீமை நிறுத்திடுங்க, இதோட சேராது"ன்னாங்க. அம்மா நிறுத்தினாங்க. முழங்கையில இருந்தது காலுக்கும் தலைக்கும் பரவிடுச்சு. போட்டோ அனுப்பினேன். "உள்ள இருக்கற அழுக்கு வெளிய வருது, நல்ல அறிகுறி"ன்னு ஒரு பூ ஸ்டிக்கரோட பதில். மறுபடி கேட்டா மேனேஜர் ஜொகூர் போயிருக்கார். அப்புறம் மேனேஜர் மீட்டிங்ல இருக்கார். அப்புறம் வெறும் நீல டிக். நேர்ல போய் நின்னா, அம்மா கையைப் பிடிச்ச அதே பொண்ணு போனைக் காதுல வெச்சுக்கிட்டு உள்ள போயிடுச்சு. இன்னொருத்தர் வந்து, ஸ்ப்ரே போதலைன்னா ஊசி இருக்கு, வெளிநாட்டுலேருந்து ஒரு 'ஸ்பெஷலிஸ்ட்' வருவார், 2,880-ஐ அதுல கழிச்சுக்கலாம்னார். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க.

பாலிகிளினிக் டாக்டர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துட்டு, எதுல வெச்சிருந்தாங்கன்னுதான் முதல்ல கேட்டார். கண்ணாடி அலமாரியில, விளக்குக்குக் கீழன்னேன். நிஜ ஹார்மோன் மருந்தை 2-லேருந்து 8 டிகிரிக்குள்ள ஃபிரிட்ஜுல வைக்கணுமாம். 191 அமினோ அமிலம் கோத்த பெரிய புரதம், நாக்குக்கு அடியில அடிச்சா உள்ள போகாது, முழுங்கினா வயிறு செரிச்சுடும். அதனாலதான் ஊசி. அதையும் ஹார்மோன் குறைபாடு மாதிரி சில குறிப்பிட்ட காரணத்துக்கு டாக்டர் எழுதிக் குடுத்தாத்தான் இங்க வாங்க முடியும். சர்க்கரையை ஏத்தும், கை கால் வீங்கும், மூட்டு வலிக்கும். பாட்டில்ல ஹார்மோன் இல்லைன்னா மோசடி, இருந்திருந்தா சர்க்கரைக்காரங்களுக்கு ஆபத்து. ரெண்டுல எதுக்கு நாங்க 2,880 வெள்ளி குடுத்தோம்?

விவரமா சொல்றேன்னேன், ஆனா அம்மாவைத் தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், நேரமில்லை. வளர்ச்சி ஹார்மோன்னு வாயைத் திறந்தாலே வெளிய வந்துடுங்க. டாக்டர் குடுத்த கிரீமைக் கடைக்காரங்க சொல்லி நிறுத்தாதீங்க. டாக்டர் இல்லாத இடத்துல ஊசிக்குக் கையை நீட்டாதீங்க. பில், வாட்ஸ்அப், பாட்டில் எதையும் தூக்கிப் போடாதீங்க. மருந்துகளைக் கண்காணிக்கற சுகாதார அறிவியல் ஆணையத்துக்குப் படம் அனுப்பிட்டேன். அடுத்து சிறு கோரிக்கை நடுவர் மன்றம். அங்க வக்கீல் வேண்டாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டாப் போதும். இதே ஸ்ப்ரேயை வாங்கினவங்க இருந்தா உங்க ரசீதோட எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேர்ந்து போவோம்.