இலவச டெட் பயிற்சி என்று 8,500 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள், டீச்சர்கள் ஜாக்கிரதை

மதுரை பக்கம் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 8,500 ரூபாய் போய்விட்டது. இனி வராது என்று நேற்றுதான் உறுதியானது.

மேலூர் பக்கம் உதவி பெறும் பள்ளியில் 14 வருடமாக இடைநிலை ஆசிரியை நான். 2025 செப்டம்பர் 1 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் எங்கள் ஸ்டாஃப் ரூமில் வேறு பேச்சே இல்லை. ஓய்வுக்கு 5 வருடத்துக்கு மேல் இருந்தால் 2 வருடத்துக்குள் டெட் பாஸ் பண்ணியாக வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் வேலைக்கு ஆபத்தில்லை, ஆனால் டெட் இல்லாமல் பதவி உயர்வு கிடையாது. எனக்கு இன்னும் 13 வருடம் இருக்கிறது, தூக்கம் எங்கே வரும்?

அப்போதுதான் காளவாசல் பக்கம் ஒரு மாடியில் அந்த கோச்சிங் சென்டர் ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். 'அரசு நிதியுதவியுடன் இலவசப் பயிற்சி.' விண்ணப்பத்தின் தலையில் கோபுர முத்திரை வேறு. அந்தக் கோபுரத்தைப் பார்த்த பிறகு நான் ஒரு கேள்வி கேட்கவில்லை, தினமும் பிள்ளைகளிடம் "ஏன் எதற்குன்னு கேளுங்கடா" என்று கத்துகிறவள்! உள்ளே இருந்தவர் என் அப்பா வயசு, டீ வரவழைத்துக் கொடுத்து, "இது கவர்மெண்ட் காசு டீச்சர், நீங்க ஏன் பயப்படுறீங்க, 8,500 சும்மா டெபாசிட்டுதான், வருகை சரியா இருந்தா ஊக்கத்தொகையோட உங்க அக்கவுண்டுக்கே வந்துரும்" என்றார். ஜிபேயில் அனுப்பினேன். திரையில் வந்தது சென்டர் பேர் இல்லை, யாரோ ஒரு பெண் பேர். பார்த்தேன், அனுப்பினேன்.

வகுப்பு ஆறு ஞாயிறு நடந்தது. கொடுத்த 'மெட்டீரியல்' நம் சமச்சீர் புத்தகத்தின் மங்கலான ஜெராக்ஸ், ஓரத்தில் பக்க எண்கூட அப்படியே இருக்கிறது. ஏழாவது ஞாயிறு பூட்டு.

அப்புறம் அலைச்சல்தான். "ஃபண்ட் ரிலீஸ் ஆகல மேடம்." "சார் சென்னை போயிருக்காரு." "திங்கக்கிழமை வாங்க." எந்தத் திங்கள் என்று சொல்லவே இல்லை. நேற்று லீவு போட்டுப் போனால், ரிசப்ஷன் பெண் ரசீதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல பதிவுக் கட்டணம்னுதான இருக்கு, டெபாசிட்னு எங்கக்கா இருக்கு?" என்கிறாள். உண்மைதான், அப்படித்தான் இருக்கிறது.

அங்கிருந்து நேராக கோ.புதூர் வேலைவாய்ப்பு அலுவலகம் போனேன். அங்கே தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு வகுப்பு நடக்கிறது, ஒரு பைசா கிடையாது. இதை முதல் நாளே விசாரித்திருந்தால் என் 8,500 என்னிடமே இருந்திருக்கும்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அரசு இலவசப் பயிற்சி என்று சொல்லி டெபாசிட் கேட்டால் சந்தேகப்படுங்கள். தனி ஆள் பேருக்குப் பணம் அனுப்பாதீர்கள். ரசீதை அங்கேயே நின்று படியுங்கள். சமச்சீர் புத்தகம் அரசு இணையதளத்திலேயே சும்மா கிடைக்கிறது. நான் சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு போன் போட்டிருக்கிறேன், பார்ப்போம். மேலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, இன்றைக்கும் லீவு சொல்ல முடியாது.