குர்பானி ஆப்: கோதா செம, பேட்ஜ் தான் கடுப்பு

தண்டையார்பேட்டைல மெட்ரோ ஏறினா ஆபீஸ் போற வரைக்கும் இந்த குர்பானி ஆப் தான் ஓடுது, குர்பானின்னா சீக்கியர்களோட புனித பாட்டுங்க. ஃப்ரீ தான், அவங்க புனித நூல் குரு கிரந்த் சாஹிப் 1430 பக்கமும் உள்ள இருக்கு, பக்க நம்பர் அடிச்சா நேரா அங்க போயிடும், ஒரு வரில ஒவ்வொரு வார்த்தையோட முதல் எழுத்து மட்டும் அடிச்சாலும் பாட்டு வந்துடுது, ஆனா குர்முகிங்கற பஞ்சாபி எழுத்து கீபோர்ட்ல எழுத்த தேடி தேடி குத்தணும். இந்தி அர்த்தம் இருக்கு இங்கிலீஷ் இருக்கு, தமிழ் இல்ல.

புதுசா போடுறவங்க மொதல்ல 74ம் பக்கம் போங்க. அஞ்சாவது குரு அர்ஜன் பாடினது, இந்த நூலோட முதல் வடிவமான ஆதி கிரந்தத்த 1604ல தொகுத்தாரே அவரே தான். நான் ஆண்டவனோட பயில்வான்னு சொல்றாரு பா! குருவ பாத்ததும் தலைப்பாகைய உசரமா கட்டிக்கிட்டு எறங்குறாரு, ஊரே கூடியிருக்கு, கடவுளே உக்காந்து வேடிக்க பாக்குறாரு, மேளம் கொட்டுது, பயில்வானுங்க கோதாவ சுத்தி வர்றானுங்க, அஞ்சு வாலிபனுங்கள அடிச்சு சாய்ச்சதும் குரு முதுகுல தட்டிக்குடுக்குறாரு. அந்த அஞ்சு பேரு காமம், கோபம், பேராசை, பற்று, ஆணவம். குஸ்தியும் பாக்ஸிங்கும் பாத்து வளந்த நம்ம ஏரியா ஆளுங்களுக்கு இத வெளக்கவே வேணாம். எனக்கு புடிச்சது என்னன்னா ஜெயிச்சவன் நெஞ்ச நிமித்தல, தட்டிக்குடுத்த கைய தான் சொல்றான், நிமித்தியிருந்தா அஞ்சாவது ஆளு திரும்ப எழுந்து வந்திருப்பான்ல.

அப்புறம் 466ம் பக்கம், ஆசா தி வார்ங்கற காலை நேர பாட்டு தொகுப்புல வர்றது, ரெண்டாவது குரு அங்கத் சொன்னது. 'நான் நான்'ங்கற ஹௌமை நாள்பட்ட வியாதி, மருந்தும் அதுக்குள்ளயே இருக்குன்றாரு. அவர் சொல்ற வழி கடவுளோட அருளும் குருவோட சொல்லும், நம்ம சாமர்த்தியம்னு அதுல ஒண்ணும் இல்ல.

இத படிச்சு முடிக்கிறேன், டொய்ங்னு ஒரு பேட்ஜ், தொடர்ந்து படிச்சிட்டீங்க வாழ்த்துகள், ஃப்ரெண்ட்ஸ் கிட்ட ஷேர் பண்ணுங்கன்னு! யாருப்பா இத டிசைன் பண்ணது, ஆணவத்த அடக்குற பாட்டுக்கு கீழயே கப்பு குடுக்குறீங்க. செட்டிங்ஸ்ல நோட்டிஃபிகேஷன் ஆஃப் பண்ணாலும் பேட்ஜ் போக மாட்டேங்குது.

ஆடியோ க்ளியரா இருக்கு, ஹார்மோனியம் தபேலா ரெண்டும் தனித்தனியா கேக்குது. மெட்ரோ சுரங்கத்துக்குள்ள சிக்னல் போனா நின்னுடும், வீட்டு வைஃபைலயே டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க. மூணரை ஸ்டார், தமிழ் அர்த்தம் போட்டீங்கன்னா நாலரை.