சென்னையிலிருந்து அந்தமானுக்கு வீட்டுச் சாமான்: கண்டெய்னரா, கப்பல் லக்கேஜா, தபாலா, விமானமா?

அந்தமானுக்கு மாற்றல் உத்தரவு வந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி, "சாமான் அனுப்ப எவ்வளவு ஆகும்?" என்பதுதான். என்னைக் கேட்டால், அதற்கு முன்பே கேட்க வேண்டியவை இரண்டு. சாமான் எந்தத் தீவு வரை போக வேண்டும்? வழியில் எத்தனை தடவை ஏற்றி இறக்குவார்கள்? சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவில் சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் இருந்தாலும், பொருள் உடைவதும் தொலைவதும் பெரும்பாலும் கரையில் கைமாறும் இடங்களில்தான். அதனால் ஒவ்வொரு வழியையும் இந்தக் கணக்கை வைத்தே பார்க்கிறேன்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்குக் கண்டெய்னர்தான் என் முதல் தேர்வு. அதிலும் முழு கண்டெய்னர் வேறு, பார்ட் லோட் வேறு. 20 அடி கண்டெய்னரின் உள்ளளவு ஏறக்குறைய 33 கன மீட்டர். இரண்டு படுக்கையறை வீட்டின் சாமான் பெரும்பாலும் அதை நிரப்பாது. அதனால்தான் பலர் செலவைப் பார்த்து, மற்றவர்கள் சரக்கோடு சேர்த்து ஏற்றும் பார்ட் லோடுக்குப் போகிறார்கள். ஆனால் பார்ட் லோடில் உங்கள் பெட்டி வீட்டிலிருந்து ஏஜெண்டின் கிடங்குக்குப் போகும், அங்கே இறங்கும், கண்டெய்னரில் ஏறும், போர்ட் பிளேரில் மறுபடி ஒரு கிடங்கில் இறங்கும், கடைசியில் சின்ன வண்டியில் வீட்டுக்கு வரும். கண்டெய்னர் நிறையும் வரை காத்திருக்கவும் வேண்டும். "இந்த வாரம் கிளம்பிவிடும்" என்று ஏஜெண்ட் சொன்னால், எந்தக் கப்பல், என்ன தேதி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முழு கண்டெய்னர் என்றால் வீட்டு வாசலிலேயே ஏற்றி, கண் முன்னால் சீல் வைத்து அனுப்பலாம். சீல் நம்பரைக் குறித்து, போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே திறக்கும்போது அதே நம்பர் இருக்க வேண்டும். அதே சமயம் மாற்றலாகிப் போகும் இன்னொரு குடும்பம் கிடைத்தால் இரண்டு பேரும் ஒரு கண்டெய்னரைப் பகிர்ந்துகொள்ளலாம். எங்கள் உறவினர் ஒருவர் அப்படித்தான் செய்தார். நடுவில் பலகை வைத்துப் பிரித்து, பெட்டிகளில் இரண்டு நிற டேப் ஒட்டினார்கள். குழப்பமே வரவில்லை.

கண்டெய்னரில் உண்மையான எதிரி ஈரம். பகலில் தகரம் காய்ந்து இரவில் குளிரும்போது உள்ளே கூரையில் நீர் கோத்துச் சொட்டும். மேல் அடுக்கில் மெத்தையையோ புத்தகப் பெட்டியையோ வைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே கெட்டியான அட்டையைப் பரப்புங்கள். துணிமணியை நன்றாகக் காயவைத்த பிறகே கட்ட வேண்டும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும் ஊர் போர்ட் பிளேர். வழியில் பூத்த பூஞ்சை அங்கே போனதும் போய்விடாது.

பயணிகள் கப்பலில் கூடவே எடுத்துப் போவது அடுத்த வழி. தனியாளுக்கும் புதிதாக வேலைக்குச் சேர்கிறவருக்கும் இதைவிடச் சிக்கனமானது கிடையாது. சென்னையிலிருந்து போர்ட் பிளேரின் ஹாடோ துறைக்கு ஏறக்குறைய மூன்று நாள். அடுக்குப் படுக்கைகள் உள்ள பங்க் வகுப்பில் டிரங்குப் பெட்டி கண் எதிரேயே இருக்கும், வழியில் யார் கைக்கும் போகாது. ஆனால் இந்த ரயில் இத்தனை மணிக்கு என்பது போன்ற நிச்சயம் கப்பலுக்குக் கிடையாது. தேதி தள்ளிப்போவது சகஜம். பணியில் சேர வேண்டிய நாளுக்கு நெருக்கமாக இதை நம்பாதீர்கள், குறிப்பாக வங்கக் கடலில் புயல் உருவாகும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும்.

விமான சரக்கைப் பற்றி ஒரு கணக்கு போதும். எடை, அளவு இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுப்பார்கள். மூன்று பக்கமும் 60 சென்டிமீட்டர் உள்ள தலையணைப் பெட்டிக்கு 36 கிலோ கணக்கு வரும், உள்ளே ஐந்து கிலோ பஞ்சுதான் இருக்கிறது என்றாலும். ஆகவே சான்றிதழ், மருந்து, வேலைக்குத் தேவையான கருவி போன்ற சின்ன, அவசரப் பொருள்களுக்கு மட்டும் விமானம்.

தபாலைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை, எனக்கு அது பெரிய வருத்தம். ஸ்பீட் போஸ்டில் 35 கிலோ வரை ஒரே பார்சலாக அனுப்பலாம். கடல் தாண்டினாலும் உள்நாட்டுக் கட்டணம்தான், தீவு என்பதற்காகக் கூடுதல் இல்லை. இணையக் கடைகள் பல "இந்த பின்கோடுக்கு டெலிவரி இல்லை" என்று கைவிரிக்கும், கிரேட் நிகோபார் தீவிலுள்ள கேம்பல் பே (744302) வரை தபால் போகிறது. சமையல் பாத்திரம், பள்ளிப் புத்தகம், மசாலாப் பொடி எல்லாம் நாலைந்து பார்சலாகப் பிரித்து அனுப்பினால் ஒன்று தாமதமானாலும் மற்றது வந்து சேரும். பவர் பேங்க், தீப்பெட்டி, ஸ்ப்ரே எதையும் உள்ளே வைக்காதீர்கள், வழியில் நிறுத்திவிடுவார்கள். போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். முகவரியில் இரண்டு பெயரையும் எழுதி, பின்கோடைப் பெரிதாகப் போடுங்கள்.

போர்ட் பிளேரைத் தாண்டும்போது மேலே சொன்ன வரிசை மாறிவிடுகிறது. வடக்கே திக்லிப்பூர் என்றால் அந்தமான் டிரங்க் ரோட்டில் 300 கிலோமீட்டருக்கு மேல் லாரிப் பயணம். ஜிர்காடாங்கில் வண்டிகளை வரிசையாகச் சேர்த்து அனுப்பும் கான்வாய் நேரத்துக்குக் காத்திருந்து, ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தைக் கடக்க வேண்டும், பாராடாங் ஓரத்தில் வண்டியே படகில் ஏற வேண்டும். தெற்கே நிகோபார் பக்கம் கட்சால், கமோர்ட்டா, கேம்பல் பே என்றால் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் மறுபடி முதலிலிருந்து ஏற்றம். கட்சாலில் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களை ரப்பர்த் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தினார்கள். அங்கே போய்ச் சேரும் ஒவ்வொரு பொருளும் குறைந்தது இரண்டு கப்பல் பார்த்தது. அத்தகைய தீவுக்குப் போகிறவர்கள் கட்டில், அலமாரியை ஊரிலேயே கொடுத்துவிட்டு, தபாலும் கைப்பெட்டியுமாகக் கிளம்புவதே நல்லது. மரச் சாமான் போர்ட் பிளேரிலேயே கிடைக்கும். படாக் மரத்துக்குப் பெயர்போன ஊர் அது.

எந்த வழியானாலும் பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு ஜி.எஸ்.டி. இ-வே பில் (சரக்கு கொண்டுபோக எடுக்கும் மின்னணுச் சீட்டு) தேவையில்லை. ஆனால் பொருள், உத்தேச மதிப்பு இரண்டையும் எழுதிய பட்டியலில் கையெழுத்துப் போட்டு மூன்று பிரதி வைத்திருங்கள். கடல்வழி காப்பீட்டைத் தவிர்க்காதீர்கள். ஆபத்தில் கப்பலைக் காப்பாற்றச் சிலருடைய சரக்கைக் கடலில் தள்ள நேர்ந்தால், அந்த நஷ்டத்தை மற்றச் சரக்குக்காரர்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது பழைய கடல் சட்டம். காப்பீடு இருந்தால் அந்தப் பங்கு உங்கள் தலையில் விழாது.

கேஸ் சிலிண்டரை அனுப்பவே முடியாது. சென்னையில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டிரான்ஸ்ஃபர் வவுச்சர் வாங்கிக்கொண்டால் அங்கே இணைப்பு கிடைக்கும். பைக் போகும், பெட்ரோலை முழுக்க வடித்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகு. 12 மாதத்துக்கு மேல் அங்கே ஓட்டப் போகிறீர்கள் என்றால் அந்தமான் பதிவெண் வேண்டும். அதற்கான தடையில்லாச் சான்றிதழைக் கிளம்பும் முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள்.