கவுன்சிலரா, எம்.பி.யா? போனா, நேரிலா? வெறுப்புக் குழு ஊருக்குள் வந்தால் யாரிடம் போவது

வாசலில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பை கிடக்கிறது. உள்ளே மடித்து வைத்த துண்டறிக்கை, அது பறந்துவிடாமல் இருக்க ஒரு பிடி அரிசியோ கூழாங்கல்லோ. ஒரு மதத்தையோ இனத்தையோ திட்டி நாலு வரி, அடியில் ஏதோ ஒரு குழுவின் பெயர். அமெரிக்க ஊர்கள் பலவற்றில் வெறுப்புக் குழுக்கள் இரவோடு இரவாக இப்படி வீசிவிட்டுப் போயிருக்கின்றன. நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று கிளம்புகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, யாரிடம் என்பதை.

கோபம் பெரிதாக இருந்தால் கை தானாக எம்.பி.யின் எண்ணைத் தேடும். சட்டம் வேண்டுமென்றால் அது சரியான இடம்தான். அமெரிக்காவில் வெறுப்புக் குற்றங்களைக் கணக்கெடுக்கச் சொன்ன 1990 சட்டமும், அவற்றை விசாரிக்கும் மத்திய அரசின் அதிகாரத்தை விரிவாக்கிய 2009 சட்டமும் நாடாளுமன்றத்தில் வந்தவை. ஆனால் அந்தக் கணக்கு உள்ளூர் போலீசிடமிருந்துதான் எஃப்.பி.ஐ.க்குப் போக வேண்டும். அனுப்பியே ஆக வேண்டும் என்று மத்திய சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ‘நம் ஊர் போலீஸ் இதைப் பதிவு செய்கிறதா, மேலே அனுப்புகிறதா?’ என்று போலீஸ் தலைவரைக் கூப்பிட்டுக் கேட்கக்கூடியவர் மேயர் அல்லது நகர கவுன்சிலர். கண்ட இடத்தில் குப்பை போட்டதற்காவது அபராதம் போட வழியுண்டா என்று பார்க்கச் சொல்வதும் அவரிடம்தான். முதல் கதவு கவுன்சிலர் வீட்டுக் கதவு என்பேன். எம்.பி. அப்புறம்.

எப்படிச் சொல்வது என்பதில் போட்டி இன்னும் கடுமை. போன் வேகமானது. எடுப்பவர் ஓர் உதவியாளர். பெயர், பகுதி, ஆதரவா எதிர்ப்பா என்று குறித்துக்கொள்வார். இந்த வாரம் ஒரு மசோதா வாக்கெடுப்புக்கு வருகிறது என்றால் போனை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் ஒரு தெருவில் விழுந்த பைகளை விளக்க அது போதாது. ஒரே வாசகத்தை நூறு பேர் நகலெடுத்து அனுப்பும் மின்னஞ்சல் அதைவிடப் பலவீனம். அமெரிக்க நாடாளுமன்ற ஊழியர்களிடம் காங்கிரஷனல் மேனேஜ்மென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு எடுத்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவதும் இதுதான்: நேரில் வந்து பேசுவதற்கும் சொந்த வார்த்தையில் எழுதுவதற்கும் உள்ள மதிப்பு அச்சடித்த வாசகத்துக்கு இல்லை. தபால் கடிதம் என்றால் இன்னொரு தலைவலி. 2001-இல் செனட்டர்களுக்கு ஆந்த்ராக்ஸ் கிருமித் தூள் வைத்த கடிதங்கள் வந்த பிறகு, வாஷிங்டனுக்குப் போகும் தபால் சோதனை முடிந்து கைக்குச் சேரத் தாமதமாகிறது. தொகுதி அலுவலகத்துக்கு அனுப்புவது மேல். கையெழுத்து மனுவுக்கும் இடமுண்டு, ஆனால் அளவு வேறு: பிரிட்டிஷ் நாடாளுமன்ற இணையதளத்தில் 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் சொல்லும், 1,00,000 சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். ஒரு தெருக்காரர்களால் ஆகிற காரியமா அது?

ஆக, நேரில் போவதுதான். மூன்று நான்கு பேர் போதும். துண்டறிக்கை யாரைக் குறிவைத்ததோ அவர்களை மட்டும் முன்னால் தள்ளிவிட்டு மற்றவர்கள் பின்னால் நிற்பது எனக்குப் பிடிக்காது. பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர், ஆசிரியர் என்று கலந்து போனால்தான் அது ஊர்ப் பிரச்சினை ஆகும். கையில் ஒரே ஒரு பக்கம்: தேதி, தெரு, கிடைத்தது என்ன, போலீஸ் புகார் எண். பையை அங்கேயே வைத்துப் படம் எடுத்துவிட்டுப் போலீசிடம் கொடுத்துவிடுங்கள். கவுன்சிலருக்குப் படம் போதும்.

நகர மன்றத்தின் பொதுக் கூட்டத்தில் எழுந்து பேசலாமே என்பார்கள். பேசலாம், பத்திரிகை கவனிக்கும். ஆனால் பல ஊர்களில் பேசுகிறவர் பெயரைச் சொல்ல வேண்டும், சில இடங்களில் முகவரியும். கூட்டம் வீடியோவாக இணையத்தில் கிடக்கும். அந்தக் குழுவும் அதைப் பார்க்கும். 2023-இல் கலிபோர்னியாவின் சில நகர மன்றங்களில் இணையவழியே நுழைந்தவர்கள் யூத வெறுப்பைக் கொட்ட, தொலைவிலிருந்து பேசும் வசதியையே சில மன்றங்கள் நிறுத்திவிட்டன. மின்னஞ்சலிலும் எச்சரிக்கை தேவை: அமெரிக்க மாநிலங்களில் அதிகாரிக்கு அனுப்பியது பொது ஆவணமாகி, கேட்பவர் கைக்குப் போகலாம். குறிவைக்கப்பட்டவரின் வீட்டு எண்ணை எழுத்தில் தராமல் வாயால் சொல்வது நல்லது.

கடைசியாக, என்ன கேட்பது. ‘தடை செய்யுங்கள்’ என்பதுதான் முதலில் வாயில் வரும். ஜெர்மனியில் மக்களைத் தூண்டிவிடும் பேச்சே குற்றவியல் சட்டத்தின் 130-ஆம் பிரிவில் குற்றம். அங்கே அந்தக் கோரிக்கைக்குப் பிடிமானம் உண்டு. அமெரிக்காவில் அது எங்கே போய் முடியும் என்பதற்கு ஸ்கோக்கி சாட்சி. சிகாகோவை ஒட்டிய அந்த ஊரில் நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்கள் நிறையப் பேர் வாழ்ந்தார்கள். அங்கே நவ நாஜிகள் ஊர்வலம் அறிவித்ததும், ஊர் மன்றம் 1977-இல் 3,50,000 டாலர் காப்பீடு கட்ட வேண்டும், ராணுவப் பாணிச் சீருடை கூடாது என்றெல்லாம் விதி போட்டது. 1978-இல் நீதிமன்றம் அவற்றைத் தூக்கி எறிந்தது. கடைசியில் அந்தக் குழு ஸ்கோக்கிக்கு வராமல் சிகாகோவில் கூட்டம் போட்டது வேறு விஷயம். அதுவரை நாடு முழுக்க அவர்களுக்குக் கிடைத்த விளம்பரம் கொஞ்சமா?

அதற்குப் பக்கத்தில் மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரை வையுங்கள். 1993 டிசம்பரில் ஒரு யூதச் சிறுவனின் அறை ஜன்னலில் கல் விழுந்தது. அங்கே யாரும் தடைச் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. போலீஸ் தலைவர் வெளிப்படையாகக் கண்டித்தார், உள்ளூர் நாளிதழ் யூதர்களின் மெனோரா விளக்கை முழுப் பக்கப் படமாக அச்சிட்டது, ஆயிரக்கணக்கான வீடுகள் அதை ஜன்னலில் ஒட்டின. கண்டன அறிக்கை, போலீஸ் பதிவு, பாதிக்கப்பட்ட குடும்பத்தை நேரில் பார்ப்பது: எந்த நீதிமன்றமும் ரத்து செய்ய முடியாத கோரிக்கைகள் இவை. மூன்றில் ஒன்றையாவது கேட்டு, நாள் வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.

கவுன்சிலரே அந்தக் குழுவின் மேடையில் நின்றவர் என்றால்? அவரிடம் நேரத்தை வீணாக்க வேண்டாம். மன்றத்தில் வேறு உறுப்பினர்கள் இருப்பார்கள். அமெரிக்காவில் ஷெரீஃப் எனப்படும் மாவட்டப் போலீஸ் அதிகாரியும் மாவட்ட அரசு வழக்கறிஞரும்கூடப் பெரும்பாலும் ஓட்டில் வந்தவர்கள்தான். அதே ஒரு பக்கத்தை அவர்களிடம் கொண்டுபோகலாம்.