மெர்கல் செல் புற்றுநோய்: கீமோவா, இம்யூனோதெரபியா?

காசிமேட்டில் வலை பின்னும் எங்கள் பெரியப்பாவுக்கு மெர்கல் செல் புற்றுநோய். தோலில் வரும் அரிய வகை, பரவியும் விட்டது. டாக்டர் இரண்டு வழி சொன்னார்.

கீமோ கட்டியைச் சீக்கிரம் சுருக்கும், செலவும் குறைவு. ஆனால் பெரும்பாலும் சில மாதங்களில் நோய் திரும்பிவிடும்.

இம்யூனோதெரபி மருந்து புற்றுசெல்லை நேரடியாகக் கொல்வதில்லை. நோயை எதிர்க்கும் நம் ரத்த வெள்ளை அணுக்களான டி செல்களை அடக்கி வைக்கும் பிடி-1 என்ற பிரேக்கை விடுவிக்கிறது. அப்புறம் அவையே சண்டை போடும். இந்த நோய்க்கு அவெலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எல்லாருக்கும் பலிக்காது. பலித்தவர்களில் பலருக்குப் பலன் வருடக்கணக்கில் நிற்கிறது, எனக்கு அதுதான் பெரிது. தைராய்டு, நுரையீரல், குடலில் அழற்சி வரலாம். பேதியோ மூச்சிரைப்போ வந்தால் வெயில் சூடு என்று விடாமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். விலைதான் நெஞ்சை அடைக்கிறது. ஆனாலும் உடம்பு தாங்கும் என்றால் முதலில் இதையே கேளுங்கள்.